நூற்றுப் பத்தொன்பதாவது ஜோடி

கம்ப்யூட்டர் அவ்வளவு சீக்கிரம் ஆன் ஆனது பிரபாகருக்குப் பிடிக்கவில்லை. பதினோரு வருடமாக அந்தப் பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்து, பேப்பரில் ஒரு பக்கம் படித்துவிட்டு வந்தாலும் அது முக்கிக்கொண்டுதான் இருக்கும். இன்று காலை அவன் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வெளிச்சமாகிவிட்டது. வழக்கமான கரகரப்பு இல்லை, ஒரு சின்ன முனகல்கூட இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் தனக்காகவே விழித்திருந்தது போல இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றியது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் ரோட்டில் அவனுடைய ஸ்டுடியோ. முன்னறையில் கடை, பின்னால் வீடு. நேற்று சாயங்காலம்தான் நல்லம்பள்ளியிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் கலைவாணன் வந்து பெட்டியைப் பிரித்துப் போட்டான்.

"புதுசா வாங்க வசதி இல்லைன்னா ரேம் மட்டும் புதுசு போட்டுக்கலாங்கண்ணா. டிஸ்க் பழசே நல்லது இருக்குது. அரூர் பக்கம் ஒரு ஸ்டுடியோவுல இருந்து வந்தது. ரெண்டு வருசம்கூட ஓடல."

"ஸ்டுடியோவ ஏன் மூடுனாங்க?"

"அதெல்லாம் யாரு கேட்டா? குடும்பத்தோட ஊரவே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம். ஃபார்மேட் அடிச்சாச்சுங்கண்ணா, சுத்தமா இருக்குது."

பிரபாகரின் பழைய டிஸ்கைக் கழித்துக்கொண்டு கலைவாணன் விலையைக் குறைத்தான். அதிலிருந்த படங்களை மறுநாள் சாயங்காலம் காப்பி பண்ணித் தருவதாகச் சொல்லி, டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தான். மனைவி நிர்மலாதேவி கதவோரம் நின்று பார்த்தாள். "மிச்சம் பண்றேன்னு செத்த வூட்டுச் சட்டியக்கூட வாங்கிட்டு வருவீங்க நீங்க" என்றாள். அவனும் சிரித்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. சுத்தமாக இருக்க வேண்டிய டிஸ்கில் ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயர், 'கண்'.

அது என்னவென்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையோரத்து ஊர்களில் வயதானவர்களுக்கு ஒரு நல்ல படம்கூட இருக்காது. இறந்த பிறகு உடம்பை நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியில் விபூதி பூசி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடி வருவார்கள். "கண்ண மட்டும் தொறந்து குடுத்துடுங்க." வேறொருவர் கண்ணை வெட்டி அந்த முகத்தில் பொருத்தி, நிறத்தைச் சரி பண்ணி, மாலை போட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் கண்ணை எடுக்க மனசு வராமல் பிரபாகர் தன் கண்ணையே படம் எடுத்து வைத்திருந்தான். ஏரியூர் வரைக்கும் எத்தனையோ சுவர்களில் மாலைக்கு நடுவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது அவன் கண்தான். "எந்தத் துக்க வூட்டுக்குப் போனாலும் நீங்களே மொறைக்கறீங்க" என்று நிர்மலா கிண்டல் செய்வாள். அந்த ஜோடி கலைவாணன் பையோடு போய்விட்டது.

ஃபோல்டரைத் திறந்தான். நூற்றுப் பதினேழு ஜோடி. எல்லாம் வரிசையாக எண் போட்டு, புருவத்திலிருந்து கன்னத்தின் மேல்பகுதி வரை வெட்டியவை. நல்ல வெளிச்சம், நல்ல தெளிவு. தொழில் தெரிந்தவன் வேலை என்று மெச்சிக்கொண்டான். காலையிலேயே ஒரு அவசர வேலை காத்திருந்தது. பச்சியப்பன் என்ற விவசாயி தன் அப்பா சென்னப்பனின் படத்தை முந்தின நாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காரியத்துக்கு ஃப்ரேம் வேண்டும். இருபத்து மூன்றாம் எண் கண் கிழவருக்குப் பொருந்தியது. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் இழுக்கும் வேலை பத்தே நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த வேலை சொந்த வேலை. மகள் சுசித்ரா எட்டாம் வகுப்பு. உதவித்தொகைத் தேர்வுக்கு இன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் விண்ணப்பம் ஏற்ற வேண்டும். நேற்று அவளை உட்கார வைத்து ஒரே ஒரு படம் எடுத்திருந்தான். பெரிதாக்கிப் பார்த்தால், இமை பாதி மூடியிருந்தது. அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். பழைய படங்களெல்லாம் பழைய டிஸ்கில். செல்போனில் இருந்ததிலெல்லாம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள். மணி பதினொன்றரை.

ஒரு கணம் கை நின்றது. உயிரோடு இருப்பவர்களுக்கு இதைச் செய்வதில்லை. அது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எந்த ஸ்டுடியோக்காரனும் செய்ய மாட்டான். நேரமில்லை, ஒரு பரீட்சைப் படம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு நாற்பத்து ஒன்றாம் எண்ணை எடுத்தான். யாரோ ஒரு இளம்பெண்ணின் கண். அமைதியாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது. சுருக்கிப் பொருத்தியதும் அளவு கச்சிதமாக உட்கார்ந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் பெட்டியின் பின்னாலிருந்து வரும் சூட்டுக் காற்றில் வாசனையைக் கவனித்தான். வாடிய சம்பங்கி மாலை. கடையில் மாலை எதுவும் இல்லை.

நாலேகால் மணிக்குப் பச்சியப்பன் வந்தார். ஃப்ரேமை வாங்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இவரு எங்கப்பா இல்லீங்களே."

"வேற கண்ணு வெச்சா கொஞ்சம் அப்படித்தாங்க தெரியும். பாத்துப் பாத்துப் பழகிடும்."

பச்சியப்பனின் பார்வை மானிட்டருக்குப் போயிருந்தது. திரையில் அந்த ஃபோல்டர் திறந்தபடியே இருந்தது. அவர் குனிந்து கடைசி வரிசையில் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுதானுங்க எங்கப்பா."

நூற்றுப் பதினெட்டு. காலையில் அது இல்லை. பெரிதாக்கினான். சுருங்கிய இமை, நரைத்த புருவம், இடது கண்ணில் வெள்ளையாய்ப் பூ விழுந்திருந்தது. "அந்தப் பூவு வுழுந்து அஞ்சு வருசமாச்சுங்க" என்று பச்சியப்பன் கண் கலங்கினார். "இவ்வளவு நல்ல படம் உங்ககிட்ட எப்படிங்க வந்துச்சு? இதையே வெச்சுக் குடுங்க. நாளைக்கு வரேன்."

அவர் போய்விட்டார். பிரபாகர் அசையவில்லை. சென்னப்பனை அவன் உயிரோடு பார்த்ததே இல்லை. வந்த ஒரே படத்தில் அவர் கண் மூடியிருந்தது. திறந்த கண்ணை யார் எடுத்தார்கள்? எங்கிருந்து? இந்த டிஸ்க் ஒரு ஜோடி கொடுத்தால் பதிலுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால்.

மவுஸ் சக்கரத்தை உருட்டினான். நூற்றுப் பதினெட்டுக்குக் கீழே இன்னொன்று இருந்தது.

நூற்றுப் பத்தொன்பது.

திறக்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. திறந்தான். இடது புருவத்துக்குக் கீழே, மூன்று வயதில் சைக்கிள் கம்பி கிழித்த தழும்பு. சுசித்ராவின் கண்கள் முழுசாகத் திறந்து அவனைப் பார்த்தன. பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பள்ளி விட்டிருக்கும். நிர்மலாவைக் கூப்பிட்டான். பின்வீட்டில் பதில் இல்லை. அவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள்.

திருப்பி வைத்துவிட வேண்டும். அவள் கண்ணை அவள் முகத்திலேயே. மகளின் படத்தைத் திறந்து, அந்த நாற்பத்து ஒன்றை அழித்து, நூற்றுப் பத்தொன்பதை இழுத்து விட்டான்.

திரை நின்றது. காலையிலிருந்து மின்னலாக ஓடிய கம்ப்யூட்டர், அந்தச் சின்ன வட்டத்தைக் காட்டி, சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றியது. சுற்றியது. அந்தப் பழைய கரகரப்பும் இப்போது கேட்டது.

"ஓடு சாமி. ஓடு."

ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம். கிளம்பும் சத்தம். ஜல்லியில் செருப்புக் கால்கள். சுசித்ரா எப்போதும் ஓடித்தான் வருவாள், பையைக் கடை நடுவில் எறிவாள், "ப்பா, பசிக்குது" என்பாள். இந்தக் கால்கள் ஓடவில்லை. ஒவ்வொரு வீட்டின் முன்பும் நின்று, பார்த்து, நகர்ந்து வந்தன.

சம்பங்கி வாசனை. இம்முறை பெட்டியிலிருந்து இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து.

கடை இருட்டியது. வாசலை யாரோ மறைத்து நின்றார்கள்.

"வூடு இதுதானுங்களா?"

சுசித்ராவின் குரல்தான். அப்பனிடம் ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசாதவள். பிரபாகரின் கழுத்து திரும்ப மறுத்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வட்டத்துக்குப் பின்னால் மகளின் கண்கள். அவற்றின் கருமணியில் ஏதோ பளபளத்தது. எந்தக் கண்ணைப் படம் எடுத்தாலும், எதிரே இருந்தது அதில் சின்னதாகத் தெரியும். தொழில்காரனுக்கு அது முதலில் கண்ணில் படும்.

குனிந்து பார்த்தான்.

கருமணிக்குள் அவன். இதே நீலச் சட்டை. இதே நாற்காலி. அவன் தோளுக்குப் பின்னால் பள்ளிச் சீருடை, ரெட்டைச் சடை. அது மெதுவாக ஒரு அடி எடுத்து வைத்தது.

திரையிலிருந்த கண்கள் இப்போது அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தன. பயத்தில் விரிந்தன. இமைத்தன. இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு படத்தின் கீழ் விளிம்பு வரை இறங்கியது.

அவன் தோளில் ஒரு சின்னக் கை வந்து உட்கார்ந்தது.