மயானத்து ஓரக் குழாய்

காலையில் அவனே திருகி மூடிய இரும்பு மூடி, பிற்பகலில் புல்லின் மேல் மல்லாந்து கிடந்தது.

நெபொய்ஷா அதைக் காலால் புரட்டினான். செர்பியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் லித்தியம் தோண்ட வந்த கம்பெனிக்கு ஊராரிடம் நிலம் பேசி வாங்குபவன் அவன். மண்ணைச் சோதிக்க இறக்கிய குழாய்கள் மக்காச்சோளக் கட்டைகளுக்கு நடுவே மயான வேலிவரை நின்றன. நவம்பர் மூடுபனி அவற்றை ஒவ்வொன்றாக விழுங்க, அழுகிய பிளம் பழத்தின் புளிப்பும் அணைந்த மெழுகுத்திரிகளின் புகையும் கலந்த காற்றில், கீழிருந்து இன்னொரு வாடையும் கசிந்தது.

ஊர்க்காரர்களின் வேலைதான். சுரங்கத்துக்கு எதிராகப் பதாகை பிடிப்பதையும் சாராயம் காய்ச்சுவதையும் தவிர இந்தக் கூட்டத்துக்கு வேறென்ன தெரியும்.

வேலிக்கு அப்பால் தெசாங்கா, கணவன் மிலுட்டினின் கல்லறையில் திரி ஏற்றிக்கொண்டிருந்தாள். கல்லறைகளை இடம் மாற்ற ஊரில் கையெழுத்துப் போடாதவள் அவள் ஒருத்திதான்.

"மூடியத் திருட வந்தீங்களாக்கா?"

"அந்தத் தகரம் எங்க கோழிக்கூண்டுக்குக்கூட உதவாது, கம்பெனிக்காரய்யா."

"செத்தவருக்கு எதுக்கு இவ்வளவு நல்ல மண்ணு? கையெழுத்தப் போடுங்க. வேற இடத்துல பளிங்குலயே கட்டித் தர்றோம்."

"அவர்கிட்டயே கேளு. உன் குழாயைச் சாய்ச்சு எங்க வேலிக்கடியில அவர் குழிவரைக்கும் விட்டது தெரியாதுன்னு நெனச்சியா?"

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். பனி மூடிக்கொண்டது.

அவன் சிரித்துக்கொண்டே மூடியைப் பொருத்தித் திருகினான். பாதிச் சுற்றில் அது நின்றது. பிறகு அவன் கைக்குள்ளேயே மெல்ல எதிர்ப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.

இரண்டு கையாலும் அழுத்தினான். நிற்கவில்லை.

பனிக்குள் எங்கோ இன்னொரு மூடி விழுந்தது. கொஞ்சம் தள்ளி, மற்றொன்று.

கையை எடுத்தான். ஓட நினைத்தான். இளகிய மண்ணில் கணுக்கால்வரை கால் புதைந்திருந்தது.

"அக்கா..."

காலை இழுத்துப் பார்த்தான்.

குழாயின் வாயில் முதலில் நரைமுடி தெரிந்தது. பிறகு முகம். முஷ்டி நுழையாத அந்தத் துளைக்கு ஏற்ப நீண்டு, ஒடுங்கி, மண் வழிய மேலே வந்த முகம். கண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெரிந்திருந்தன. சந்தையில் நோஞ்சான் பன்றியைப் பார்ப்பதுபோல, அவை அவனை ஏற இறங்க அளந்தன.

இகழ்ச்சியாக உதடு சுழித்தது.

பின், இதுவே போதும் என்பதுபோல, வாயைத் திறந்தது.