பேர் சொல்லிக் கூப்பிடாதே

ஹெர்தீஸின் மூச்சில் புகை வரவில்லை.

ஆஸ்தா தன் வாயைக் குவித்து ஊதிப் பார்த்தாள். சீல் கொழுப்பு விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அவள் மூச்சு வெள்ளையாய்ச் சுருண்டு, புல்மண் சுவர்வரை போய்க் கரைந்தது. கட்டிலில் மல்லாந்து கிடந்த மந்திரக்காரிக் கிழவி ஹெர்தீஸின் மார்பும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வாயும் திறந்துதான் இருந்தது. உள்ளே சூடு என்று ஒன்று இருந்தால்தானே புகையும்.

நடுப்பகல்தான். ஆனால் குளிர்காலத்து வடகோடி ஹாலோகலாந்துக் கடலோரத்தில் பகல் என்பது வெறும் பேச்சு. சூரியன் மலைக்குப் பின்னால் போனது போனதுதான். சூரியனுக்கு முன்பே அவள் புருஷன் தொர்கில் படகை எடுத்துக்கொண்டு காட் மீனுக்குப் போயிருந்தான். அவனும் திரும்பவில்லை.

"உன் புருஷன் கடல்மேல இருக்கானா, அடியில இருக்கானான்னு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று ஆட்டுப்பால் கஞ்சியை வழித்து நக்கியபடி ஹெர்தீஸ் சொல்லியிருந்தாள். "கஞ்சியில உப்பு கம்மிடி. அழுதுக்கிட்டேதானே கிண்டின? அதுகூடப் போதலையா?"

ஆஸ்தா சிரித்துவிட்டாள். சிரித்த சத்தம் கேட்டு அவளே திடுக்கிட்டாள். அந்த வீடு அதை மறந்தே போயிருந்தது.

கிழவி பூனைத்தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, பித்தளைக் குமிழ் வைத்த கோலை மார்மேல் சாத்திப் படுத்தாள். "நான் எழுந்திரிக்கிற வரைக்கும் இந்த உடம்பு காலி வீடு. பேர் சொல்லி மட்டும் கூப்பிட்டுடாதே."

"அது தெரியாதாம்மா? உங்க பேரை நான் மூச்சு விடமாட்டேன்."

"என் பேரை இல்லடி..." என்று ஆரம்பிப்பதுபோல் கிழவியின் உதடு அசைந்தது. அதற்குள் கண் செருகிவிட்டது.

இப்போது விளக்குத் திரி படபடப்பதும், கூரைப் புல்லைக் காற்று பிடித்து இழுப்பதும், தொழுவத்தில் ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மூலைக்கு ஒதுங்குவதும், அவற்றுக்கெல்லாம் அடியில், முற்றத்துப் பனியை மிதித்து யாரோ மெதுவாய் வருவதும் கேட்டன.

"ஆஸ்தா."

அவள் எழுந்தாள்.

"யாரது?"

"யாருன்னு நீதான் சொல்லணும்."

அவனுடைய அதே குரல். அதே கிண்டல்.

"விளையாடாதே. நெஜமா நீதானா?"

"என் பேர்கூட மறந்துபோச்சா உனக்கு? ஒரு தடவை சொல்லேன். காலெல்லாம் நனைஞ்சு கெடக்கு, ஆஸ்தா."

கதவிடுக்கில் கடற்பாசி நாற்றம் வந்தது. கிழவியின் பேரைத்தானே சொல்லக்கூடாது? கதவின் குறுக்குக் கட்டையில் கை வைத்தபடி, எத்தனையோ இருட்டுக்குப் பிறகு, வாய் நிறையச் சொன்னாள்.

"தொர்கில்!"

வெளியே சத்தம் நின்றது.

"ம்" என்றது, அவள் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள். பாசி நாற்றம் இப்போது கட்டிலில் இருந்து வந்தது. பூனைத்தோல் கையுறையின் நுனியில் நீர் சொட்டியது. கிழவியின் வாய். அவன் குரல்.

"வந்துட்டேன். ரொம்ப தூரம் நீந்தினேன்."

கதவை நகம் பிறாண்டியது.

"பொண்ணே! யாருடி அது என் உடம்புல? உன் புருஷன் அடியிலதான் இருந்தான், நான் பாத்தேன். என் பேரைச் சொல்லு. சொன்னாத்தான் நான் உள்ள வர முடியும். சத்தமாச் சொல்லுடி!"

ஹெர்தீஸ். பேர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவன் போய்விடுவான். பிறகு காற்று. ஆடுகள். அவள்.

"குளிருது, ஆஸ்தா" என்றது கட்டில்.

இரண்டாவது கட்டையையும் குறுக்கே போட்டாள்.

கையுறைக் கை ஆட்டுத்தோல் போர்வையை ஒரு பக்கமாய்த் தூக்கிப் பிடித்தது. அவள் உள்ளே நுழைந்து படுத்தாள். ஈரமான கை இடுப்பைச் சுற்றியது. வெளியே பிறாண்டல் தேய்ந்தது. கெஞ்சல் ஆனது. காற்றானது.

இருட்டுக் கூரையைப் பார்த்தபடி, வாயைக் குவித்து ஊதினாள்.

புகை வரவில்லை.