சிரட்டையில் திரும்பி வந்த கருப்பட்டி

தென்காசியில் சாரல் பிடித்துவிட்டால் துணி காயாது, தீக்குச்சி பற்றாது, உப்புச் சாடிகூடக் கசியத் தொடங்கிவிடும். ரெபேக்காளின் அடுத்த வீட்டு ஜாஹிரா பீவி மாமிக்கு அதையெல்லாம் கவனிக்க அன்று நேரமில்லை. செங்கோட்டையில் அவள் மகள் பிள்ளை பெற்றிருந்தாள். அவளுக்கு மருந்து கிண்டக் கருப்பட்டி வாங்கியாயிற்று. சாயங்கால ரயிலுக்குப் புறப்பட வேண்டும்.

“ஏட்டி ரெபேக்கா, எங்க வீட்டுல ஒரே எறும்பு. இந்தக் கருப்பட்டிக் கொட்டானைச் சாயங்காலம் வரைக்கும் வச்சுக்கிடுதியா?”

“கொண்டாங்க மாமி! ஒரு எறும்பு கிட்ட வராது!”

ரெபேக்காள் சொன்னபடியே செய்தாள். அம்மா பலகாரச் சட்டியைத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில்தானே வைப்பாள்? இவளும் கொட்டானை அப்படியே வைத்துவிட்டு விளையாடப் போனாள். சட்டிக்குள் தண்ணீர் போகாது. பனையோலைக் கொட்டானுக்குள் போகாதா?

மத்தியானம் தம்பி தாவீது எட்டிப் பார்த்தான். “அக்கா, எறும்பு ஒண்ணுகூட இல்ல. கருப்பட்டியையும் காணல!”

தாம்பாளம் நிறையக் கருஞ்சிவப்புத் தண்ணீர். ரெபேக்காளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஐயோ, மாமி முகத்துல எப்படி முழிப்பேன்!” அம்மாவோ வயலில் நடவுக்குப் போயிருந்தாள்.

தாவீது விரலை முக்கி நக்கினான். “இனிக்குக்கா. கருப்பட்டி இதுக்குள்ளதான் இருக்கு.”

ரெபேக்காள் சட்டென்று நிமிர்ந்தாள். உப்புத் தண்ணீரை வெயிலில் வைத்தால் தண்ணீர் போய் உப்பு மிஞ்சும் என்று வகுப்பில் டீச்சர் காட்டியிருந்தார். சாரலில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்பு இருக்கிறதே!

பாதியைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். “கிண்டிக்கிட்டே இருலே,” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத் தேங்காய்ச் சிரட்டை பொறுக்கப் போனாள். தாவீது கிண்டுவதை மறந்து விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே இருந்தான். திரும்பி வந்தபோது வீடெல்லாம் புகை, சட்டியெல்லாம் கரி.

“இதுலயும் தண்ணி ஊத்துனா திரும்ப வந்துருமாக்கா?” ஊற்றியும் பார்த்தான். கசந்தது. கரிந்தது கரிந்ததுதான்.

மீதிப் பாதியை வேறு சட்டியில் ஊற்றினாள். இந்தத் தடவை அவள் அடுப்பை விட்டு அசையவே இல்லை. தணலைக் குறைத்துக் கிண்டினாள். கிறிஸ்துமஸுக்கு அம்மா பாகு பார்ப்பதைப் போல ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டாள். கையில் உருண்டது! நனைத்த சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டுக் கவிழ்த்தாள். சிரட்டை வடிவில் கருப்பட்டி பொத்தென்று விழுந்தது.

மாமி வந்ததும் ரெபேக்காள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். “பாதிதான் மிச்சம் மாமி. என்மேல கோவமா?”

மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். “கோவமா? செங்கோட்டைக்குப் போயி நான் என்ன செய்யப் போறேன்னு நெனச்சே? இதை ஒடைச்சு, தண்ணி ஊத்தி, அடுப்புல உருக்கத்தானட்டி போறேன்! இந்தப் பாதியே போதும்.”

மாமி ஒரு துண்டை உடைத்து ஆளுக்குப் பாதியாக இருவர் வாயிலும் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினாள். ரெபேக்காளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கரிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த தாவீது பெருமூச்சு விட்டான். “எறும்புக்கே விட்டிருக்கலாம்க்கா. அது இவ்வளவு தின்னிருக்காது!”