ஒற்றைக்கால் சிறுத்தை

வனத்துறை ஆபீசில் ஃபோன் அலறியது.

ரேஞ்சர் பல்லைக் கடித்தார். காலையிலிருந்து இதே பாட்டு! ஊருக்குள் சிறுத்தை என்று பேச்சு கிளம்பினாலும் கிளம்பியது, மதிலில் பூனை நடந்தால்கூட இவர் உயிரை எடுத்தார்கள்!

"மியாவ்னு கத்துச்சுன்னா அது பூனை! உசிர வாங்காதீங்க!"

"உசிரு போயிடுச்சுய்யா..." எதிர்முனையில் இன்ஸ்பெக்டர். "என் தங்கச்சி புருஷன்! தோட்டத்துலயே அடிச்சுப் போட்ருச்சு!"

ஜீப் பறந்தது. பக்கத்தில் மிருக வைத்தியர் டாக்டரம்மா, மடியில் மயக்க ஊசித் துப்பாக்கி.

வாசலில் கூட்டம் கொதித்தது.

"சுட்டுத் தள்ளுங்க சார்!"

பூச்செடிகளுக்கு நடுவே உடல். கழுத்து கிழிந்திருந்தது. ஈர மண் முழுக்கச் சிறுத்தையின் கால்தடங்கள்...

"மேலிடத்துல பேசிட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "பாத்த இடத்துல சுட உத்தரவு. கெளம்புங்க!"

"சார், அது பாறை மேட்டுல குட்டியோட கெடக்கு. தாய சுட்டா குட்டியும் செத்துரும். பிடிச்சுக் காட்டுல விட்டுடறோம்."

"என் தங்கச்சிய விட உமக்குக் குட்டி பெருசாப் போச்சா?"

"போஸ்ட்மார்ட்டமாவது..."

"எதுக்கு? கண்ணு தெரியல?"

ரேஞ்சருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு! வெறுத்துப்போய் மண்ணில் குந்தினார். தடங்களைப் பார்த்தபடி நகர்ந்தவர் சட்டென்று நின்றார்.

"டாக்டரம்மா, இது எந்தக் கால்?"

"இடது பின்கால்."

"இது?"

"அதேதான்..."

"அங்க?"

"என்ன சார் இது! எல்லாமே இடது பின்காலா இருக்கு!"

"மத்த மூணையும் வீட்லயே வச்சுட்டு வந்துச்சோ என்னவோ!"

"மழைல அழிஞ்சிருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"மழைக்கு அந்த ஒரு கால் மேல மட்டும் என்ன சார் பாசம்?"

ரேஞ்சர் எழுந்தார்.

"இது அச்சு சார். நாங்க கணக்கெடுக்கும்போது தடத்துல பிளாஸ்டர் ஊத்தி அச்சு எடுப்போம். இடது பின்கால் மட்டும்தான். அது எங்க வழக்கம். அத வச்சு யாரோ மண்ணுல குத்தியிருக்காங்க!"

"அப்ப உங்க ஆளுங்கதான் கொலைகாரனுங்க!"

"எங்க ஆளுங்களுக்குச் சிறுத்தைக்கு நாலு காலுன்னு தெரியும் சார். ஆபீசுல இருந்தது ஒரே அச்சு. ஜனங்ககிட்டக் காட்டி எச்சரிக்கணும்னு போன வாரம் ஒருத்தர் கேட்டு வாங்கிட்டுப் போனாரு..."

"யாரு?"

"நீங்கதான் சார்!"

கூட்டம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பியது.

இன்ஸ்பெக்டரின் கையில் ரிவால்வர் முளைத்தது! முகம் கோணியது. குரல் உடைந்தது.

"அவன் மனுஷனாய்யா? தினமும் போட்டு அடிச்சான்! புகார் குடுன்னு கெஞ்சினேன். 'அண்ணன் போலீசு, வெளிய தெரிஞ்சா அசிங்கம்'னு அவ அழுதா. ஊருக்கெல்லாம் இன்ஸ்பெக்டர்... என் தங்கச்சிக்கு ஒண்ணும் பண்ண முடியல! நான் என்னய்யா செய்வேன்?"

"அதுக்கு வாயில்லா ஜீவன் சாகணுமா சார்?"

"நகராதே! சுட்ருவேன்!"

ப்ளக்!

இன்ஸ்பெக்டரின் முழங்கையில் டாக்டரம்மாவின் மயக்க ஊசி தைத்து நின்றது. ரிவால்வர் நழுவ, ரேஞ்சர் அதை எட்டி உதைத்தார். கான்ஸ்டபிள்கள் பாய்ந்து அமுக்கினார்கள்.

"விடுங்கடா... சஸ்பெண்ட் பண்ணிடுவேன்டா..."

கத்தல் மெல்ல மெல்லக் குளறலாகி, கடைசியில் குறட்டையானது.

டாக்டரம்மா நாடி பார்த்தாள்.

"பொழச்சுக்குவாரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

"அப்புறம் ஏன் யோசிக்கறீங்க?"

"வழக்கமா ஊசி போட்டுப் பிடிச்சத காட்டுல கொண்டுபோய் விட்ருவோம். இவர விட்டா... பாவம், அங்க இருக்கற மிருகங்க எங்க சார் போகும்?"