பின்தங்கிய கடிகாரம்

மூன்று நாளாக அந்தச் சிவப்பு முக்கோணம் தாமோதரனை விடுவதாக இல்லை. கடல்நிலை அறிக்கைப் பக்கத்தைத் திறக்கப் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் குறுக்கே வந்து நின்றது. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது.' மூடினால் திரும்ப வந்தது. அணைத்துப் போட்டால், அவர் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் வந்து காத்திருந்தது.

வேறு வீடாக இருந்தால் துணி போட்டு மூடிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் குப்பத்தில் தாமோதரன் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படிப்பட்டதல்ல. கால் ஒடிந்து கடலை விட்ட பிறகு, பதினோரு வருடமாக அலையும் காற்றும் பார்த்துச் சொல்வது அவர் வேலை. போட் இறக்கப் போகிறவர்கள் கரையைப் பார்த்த தெரு ஜன்னலில் வந்து, "கடல் எப்படி கீது?" என்று கேட்பார்கள். எச்சரிக்கை இருந்தால் "போவாத" என்பார். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் பேசாமல் இருந்தால் கடல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகும் அந்த ஜன்னலில் கேட்காமல் யாரும் போட்டைத் தள்ளியதில்லை. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இரண்டு நாள் செல்போனில் பார்த்து ஒப்பேற்றினார். இன்று மத்தியானம் செல்லிலும் அதே முக்கோணம். இன்றைக்கென்று அவருடைய ஒரே மகன் வசந்த் நாலு மணிக்குப் போட் இறக்குகிறான். வெளியே வெயில் பளீரென்று அடித்தது. ஆனால் ஐப்பசி வெயிலை நம்பி ஒரு பிள்ளையை அனுப்ப முடியுமா?

திருக்கழுக்குன்றத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெரோமுக்குப் போன் போட்டார்.

"பயப்பட ஒண்ணும் இல்ல அண்ணாத்த. தேதி தப்பா இருந்தா இப்டித்தான் எந்த சைட்டும் தொறக்காது. கீழ மூலைல இன்னா தேதி காட்டுது?"

தாமோதரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நவம்பர் பதினாலு. போன வருஷம்."

"மாத்திப் பாருங்க."

மாற்றினார். அவர் கையை எடுத்ததும் எண்கள் ஒருமுறை துடித்துப் பழையபடி நின்றன.

"அப்ப உள்ள கீற பொத்தான் பேட்டரி பூட்சி. புதுசு போடுங்க, சரியாப் பூடும்." ஜெரோம் கொஞ்சம் நிறுத்தினான். "ஒண்ணுதான் புரில. பேட்டரி செத்தா மிஷினு செஞ்ச வருஷத்துக்குத்தான் ஓடும். இது இன்னாத்துக்கு போன வருஷத்துல போயி நிக்குது?"

தாமோதரனுக்குத் தெரியும். சொல்லாமல் போனை வைத்தார்.

போன நவம்பரில் ஊர், பூவராகவன் குடும்பத்தை விலக்கி வைத்திருந்தது. வலைத் தகராறில் பஞ்சாயத்தை மீறிப் போலீசுக்குப் போனான் என்று கட்டுப்பாடு. அவர்களோடு யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, அவர்கள் போட்டையும் தெற்கே தள்ளித் தனியாகத்தான் போட வேண்டும். பதினாலாம் தேதி மத்தியானம் மூன்று நாற்பதுக்குப் பூவராகவன் மனைவி பூவாயி ஜன்னலுக்கு வந்தாள். "அண்ணே, கடல் எப்படி கீது? அவுரும் எம் புள்ள அரசுவும் போட்டு எறக்கறாங்க." கடலுக்குப் போகவேண்டாம் என்று திரையில் சிவப்பாக எழுதியிருந்தது. ஊரில் மற்ற எல்லோருக்கும் காலையிலேயே சொல்லியாகிவிட்டது. தாமோதரன் அவள் முகத்தைப் பார்த்தார். பேசவில்லை. "சரிண்ணே," என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

கட்டுப்பாட்டுக்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். பொய். 'கால் ஒடிஞ்சவன் கடல் சொல்றான்' என்று பூவராகவன் பஞ்சாயத்தில் நாலு பேர் சிரிக்கச் சொன்னதை அவர் மறக்கவே இல்லை. பேசாமல் இருந்த அந்த ஒரு நிமிஷம் அவருக்கு இனித்தது. அப்பனும் பிள்ளையும் கரை சேரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. பூவாயி அச்சரப்பாக்கத்துத் தங்கை வீட்டோடு போய்விட்டாள்.

இன்று தாமோதரன் மனைவி வசுமதி ஒரு வளைகாப்புக்காகச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிவந்து, பெட்டியைத் தரையில் சாய்த்து, ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை நீக்கினார். தூசி வாசனை வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தது தூசி வாசனை இல்லை. நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்த வலையைக் கரையில் இழுத்துப் போட்டதும் கிளம்புமே, பாசியும் செத்த நண்டும் டீசலும் கலந்த அந்த வாடை, அது குப்பென்று எழுந்து அறையின் நாலு மூலையிலும் போய் நின்றது. பழைய பேட்டரியை நெம்பி எடுத்தார். அதன் அடியில் ஒரு சிட்டிகை மணல். தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டு, மூடியை மாட்டி, சுவிட்சைத் தட்டினார். தேதியைச் சரியாக அடித்தார். அறிக்கைப் பக்கம் பாதி திறந்தது. நீலப் பட்டை, வரைபடத்தின் ஓரம். 'அப்பாடா' என்று மூச்சு விட்டார். பாதி மூச்சில் முக்கோணம் வந்தது. மூலையில் நவம்பர் பதினாலு. மணி மூன்று இருபத்தொன்பது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதிலும் மூன்று இருபத்தொன்பது.

இன்றைக்கு வசந்த் போகக்கூடாது. வேறு எதுவும் வேண்டாம், அவன் போகாமல் இருந்தால் போதும். மகன் நம்பரை அழுத்தினார். மணி பக்கத்து அறையில் அடித்தது, சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். சரி, கரைக்கே போய்விடலாம் என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாற்காலிக்கும் வாசலுக்கும் நடுவே சிமெண்டுத் தரையில் நனைந்த பாதங்கள் இரண்டு பதிந்திருந்தன. வாசலைப் பார்த்தல்ல, அவரைப் பார்த்து. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றுக்கு முன்னால் இன்னும் இரண்டு பதிந்தன.

அவர் உட்கார்ந்துவிட்டார். கோல் கீழே விழுந்து உருண்டது.

ஃபேன் ஓடியது, காற்று இல்லை. கரையிலிருந்து வரும் அலைச்சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. "பூவராகவா," என்றார் மெதுவாக. "எம் மேல கீற கோவத்த எம் மேலயே காட்டுப்பா. அவன் இன்னா பண்ணான்?"

இப்போது பேசாமல் நிற்பது அதன் முறையாக இருந்தது.

மூன்று முப்பத்தெட்டு.

கழுத்துக்குப் பின்னால் ஈரம். சொட்டு. தோளில் ஒரு சொட்டு.

மூன்று நாற்பது.

ஜன்னலில் நிழல் விழுந்தது. வசந்த். வெயிலில் முகம் சிவந்து, சிரித்துக்கொண்டு, நன்றாக, உயிரோடு.

"நைனா, கடல் எப்படி கீது?"

அந்த நொடி பக்கம் முழுசாகத் திறந்தது. இன்றைய தேதி. சிவப்பு. யாரும் கடலுக்குப் போகவேண்டாம்.

'போவாத.' மூன்றே எழுத்து. அவர் வாயைத் திறந்தார். நாக்கு புரளவில்லை. அடித்தொண்டையிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறிவந்து, உதட்டு ஓரத்தில் வழிந்து, மார்பில் இறங்கியது. கையையாவது ஆட்டலாம் என்றால், மௌஸ் மேலிருந்த கையை வேறொரு கை அமுக்கிக்கொண்டிருந்தது. ஊறி வெளுத்த கை. கயிறு அறுத்த தழும்புகள். நகம் இல்லை.

வெயிலில் நிற்பவனுக்கு இருட்டறைக்குள் என்ன தெரியும்? வசந்த் ஒரு நிமிஷம் காத்திருந்தான்.

"சரி நைனா. ஜான்சனுக்கு ஜொரம், வரல. கூட வர வேற ஆளு கெடச்சிட்டான். அதோ, தலைல துண்டு போட்டுகினு போட்டாண்ட நிக்கிறான் பாரு. நேரமாவுதுன்னு பேஜாரு பண்றான்."

போய்விட்டான்.

தாமோதரன் கண்ணை மூடப் பார்த்தார். பின்னாலிருந்து குளிர்ந்த இரண்டு விரல்கள் இமைகளைத் தூக்கிப் பிடித்தன. ஜன்னலுக்கு வெளியே கரை முழுக்கத் தெரிந்தது. வசந்த் ஒரு பக்கம், துண்டு போட்டவன் மறுபக்கம். போட் மணலில் வழுக்கிக்கொண்டு போனது. நாலு பேர் தள்ள வேண்டிய போட். இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள், என்ஜின் பிடித்தது, முதல் அலை தாண்டியது. வசந்த் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அரசு, தலைத்துண்டை எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, தாமோதரனுக்குப் பின்னால் நின்ற தன் அப்பனைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.