வேட்டி வெளிச்சம்

செஞ்சிக் கோட்டைக் குரங்குகளுக்குச் சினிமா பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. படப்பிடிப்பு தொடங்கிய நாளிலிருந்து நடிகர்களுக்கு முன்பே அவைதான் வந்து இடம்பிடித்தன. ஆனால் கடைசி நாளன்று அவை பார்த்த வேலை, உண்ணாமலையின் சினிமா ஆசைக்கே உலை வைக்கப் பார்த்தது.

உண்ணாமலைக்குப் பத்து வயது. கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சிங்காரவேலுவின் மகள். கோட்டையில் ஒரு ராஜா கதையைப் படமெடுக்க மெட்ராஸிலிருந்து வந்தவர்கள், ஒரே ஒரு காட்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரவில் எதிரிப் படை தீப்பந்தங்களோடு கோட்டைக்குள் நுழைகிறது. நெற்களஞ்சியத்தில் ஒளிந்திருக்கும் சிறுமி மெல்லத் தலைதூக்கிப் பார்க்கிறாள். வசனம் கிடையாது, முகம் மட்டும்தான். அதற்கே உண்ணாமலைக்குத் தலைகால் புரியவில்லை.

களஞ்சியத்துக்குள் ஒரே இருட்டு. கரண்டும் இல்லை. வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பலகைகளை வெளியே நிறுத்தி, வெயிலை உள்ளே திருப்பிவிடுவதுதான் கேமராமேன் அரிகிருஷ்ணனின் திட்டம். அவருடைய உதவியாளர் துரைக்கண்ணு காலையில் பலகைகளுக்குப் புதுத்தாள் ஒட்டிப் பாறைமேல் காயவைத்தார். ஒட்டியது மைதாப் பசையால். குரங்குகளுக்கு அது போதாதா? தாளைக் கிழித்து, பசையை நக்கித் தீர்த்துவிட்டன. மிஞ்சியது வெறும் பலகை.

"பசையில வேப்பெண்ணெய் கலக்கலியா?" என்றார் அரிகிருஷ்ணன்.

"மெட்ராஸ்ல குரங்கு இல்லையே சார்" என்றார் துரைக்கண்ணு, தலையைக் குனிந்தபடி.

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் கிளம்பணும். இந்தக் காட்சி இல்லாமலே படத்தை முடிச்சிடலாம்."

உண்ணாமலை, அழுதால் மேக்கப் கலைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, களஞ்சியத்துக்குள் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அரிகிருஷ்ணன் கடைசியாக ஒருமுறை வெளிச்சம் அளக்கும் மீட்டரை அவள் முகத்தருகே பிடித்தார். முள் அசையவில்லை.

"நம்ம கண்ணு இருட்டிலயும் கொஞ்சம் பார்க்கும்மா. ஃபிலிமுக்கு அது தெரியாதே" என்றார் வருத்தமாக.

அந்த நேரம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வாசலுக்கு எதிரே முண்டியடித்தது. "தள்ளுங்க, மரத்தடிக்குப் போங்க" என்று துரைக்கண்ணு விரட்டினார். அவர்கள் போனதும் களஞ்சியத்துக்குள் இருட்டு இன்னும் கூடியது. உண்ணாமலை அதைப் பார்த்துவிட்டாள்.

"சார், அவங்கள விரட்டாதீங்க. திரும்பக் கூப்பிடுங்க."

"எதுக்கும்மா?"

"எங்க நைனா கடைவாசல்ல நின்னு புது வேட்டிய வெயில்ல பிரிச்சுக் காட்டுவாரு. அப்ப உள்ள இருக்கறவங்க மூஞ்செல்லாம் பளிச்சுன்னு ஆயிடும். இங்க வந்தவங்க எல்லாரும் வெள்ள வேட்டிதான கட்டியிருக்காங்க?"

அரிகிருஷ்ணன் அவளையே பார்த்தார். பிறகு வெளியே ஓடினார். உண்ணாமலையும் பின்னாலேயே ஓடி, கூட்டத்தில் நின்ற அப்பாவிடம் போனாள்.

"நைனா, துண்ட விரிச்சுப் புடி. வெயிலு உன்மேல படணும். எல்லாரும் அதேமாதிரி வாங்க."

கடைக்காரர்களும் விவசாயிகளும் வரிசை கட்டினார்கள். மிட்டாய்க்கடை தனசேகரன் மட்டும் நடிகையைப் பார்ப்பதற்கென்றே கருநீலச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"மாமா, நீங்க பின்னாடி போங்க" என்றாள் உண்ணாமலை.

"இது இன்னா நியாயம்? மொதல்ல வந்தவன் நானு."

"கறுப்பா இருக்கறது வெளிச்சத்த முழுங்கிடும் மாமா."

தனசேகரன் யோசித்தார். சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். உள்ளே புத்தம்புது வெள்ளைப் பனியன். நேராக முதல் வரிசைக்கு வந்துவிட்டார்.

உண்ணாமலை மீண்டும் உள்ளே போய் உட்கார்ந்தாள். மீட்டரின் முள் மெல்ல ஏறியது. "இன்னும் கிட்ட வாங்க, இன்னும் கொஞ்சம்" என்று அரிகிருஷ்ணன் கூப்பிடக் கூப்பிட ஊரே நகர்ந்து வந்தது. முள் போதுமான இடத்தைத் தொட்டது.

அப்போது காற்று வீசியது. துண்டுகள் ஆட, அவள் முகத்தில் வெளிச்சமும் ஆடியது.

"கெட்டுப்போச்சு" என்றார் டைரக்டர்.

"இல்ல சார்" என்றார் அரிகிருஷ்ணன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே. "கதையில வெளியே தீப்பந்தம் போகுது. அதோட வெளிச்சம் இப்படித்தான் ஆடும். ஓட்டலாமா?"

கேமரா ஓடியது. உண்ணாமலை மெல்லத் தலையைத் தூக்கினாள். களஞ்சியத்துக்கு வெளியே செஞ்சிக் கடைவீதி முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஓகே" என்றார் டைரக்டர். கோட்டை அதிரக் கைதட்டினார்கள். உண்ணாமலை எழுந்ததும் அரிகிருஷ்ணன் மீட்டரை அவளிடம் காட்டினார். முள் இன்னும் மேலேதான் இருந்தது.

அடுத்த வருஷம் செஞ்சி டூரிங் டாக்கீஸில் படம் வந்தது. முதல் நாள், முதல் ஆட்டம். நீளமான திரை முழுக்க உண்ணாமலையின் முகம். கன்னத்தில் வெளிச்சம் தீப்பந்தம் போலவே அசைந்தது. உண்ணாமலைக்குப் பெருமை தாங்கவில்லை. நைனாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தனசேகரன் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். "அந்த வலது கன்னத்து வெளிச்சம் நம்ம பனியன்பா."

"மூக்குமேல இருக்குதே, அது என் துண்டு" என்றார் இன்னொருவர்.

"நெத்தி நம்மளது" என்று மணல் தரையிலிருந்து ஒரு குரல்.

அதற்குப் பிறகு ராஜா என்ன வசனம் பேசினார், போரில் யார் ஜெயித்தார்கள் என்று செஞ்சியில் யாருக்கும் தெரியாது. அவ்வளவு விசில்.