அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்

அந்த அறையில் எந்த வாசனையும் இல்லை. மூக்கனை முதலில் உறுத்தியது அதுதான்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் எல்லோரும் அவனை மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியின் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே எந்தப் பாகம் கருகியிருக்கிறது என்று முகர்ந்து சொல்லிவிடுவான். ஒரு வீட்டுக்குள் கால் வைத்தாலே போதும், நேற்று அங்கே என்ன சமைத்தார்கள், பூனை எந்த மூலையில் அசுத்தம் செய்தது என்பதுவரை தெரிந்துவிடும். இதை வரம் என்று சொல்கிறவனை அவன் அடிப்பான். பதினோரு வருடமாக ஊரார் வீட்டு அழுக்கையெல்லாம் மூக்கால் தின்றுகொண்டிருக்கிறான். அப்படிப்பட்டவனுக்கு, சன்னலை இறுகச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டு, கட்டிலில் ஓர் ஆள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் அறையில், நடுப்பகல் புழுக்கத்தில், வியர்வை வாடைகூட வரவில்லை. சளி பிடித்துவிட்டதோ என்று புறங்கையை முகர்ந்து பார்த்தான். சோப்பு மணந்தது.

"கம்ப்யூட்டர் நேத்து மட்டும் மூணு தடவை நின்னுபோச்சு தம்பி," என்றார் வீட்டுக்காரப் பெரியவர். "ஓஎஸ் புதுசா போட்டாத்தான் சரியாகும்னு பையனே சொல்லிட்டான். ஆனா அவனோட கேமும் மோடும் அப்படியே திரும்பி வந்தாகணும். ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும். தெளிவான, மரியாதையான குரல். "கேமோட சேவ் ஃபைல் தனி ஃபோல்டர்ல இருக்குண்ணா. மறந்துடாதீங்க."

"இதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு," என்றான் மூக்கன். அப்படிச் சொன்னதற்காகப் பிறகு அவன் தன் நாக்கையே வெறுக்கப்போகிறான்.

திரையில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்களைக் குடிவைத்து, வீடு கட்டி, சமைக்க வைத்து, தூங்க வைக்கும் வகை விளையாட்டு. ரசிகர்கள் தாங்களே எழுதிச் சேர்க்கும் கூடுதல் கோப்புகளைத்தான் மோடு என்பார்கள்; இதில் அறுநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. திரைக்குள்ளும் ஓர் அறை. அதே கட்டில், அதே பச்சைத் திரைச்சீலை, அதே போர்வைக்குள் ஓர் ஆள். மேசைமேல் ஒரு வாய் கடித்து வைத்த ஆப்பிள். மூக்கன் பக்கத்தில் பார்த்தான். நிஜ மேசையிலும் அதே ஆப்பிள். கடித்த இடம் பால்போல் வெளுத்திருந்தது. நல்ல பொழுதுபோக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு விளையாட்டை மூடினான்.

மூடிய கையோடு முதல் வாடை வந்தது. மிக லேசாக, காயாத துணியை மடித்து வைத்ததுபோல.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையனின் அம்மா சட்டென்று எழுந்தார். "நிறுத்திட்டீங்களா? எவ்ளோ நேரம் ஆகும் தம்பி?"

"ரெண்டு மணி நேரம்மா."

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா மகனின் போர்வையை இழுத்துச் சரிசெய்து, மெதுவாகத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்.

மூக்கன் தான் கொண்டுவந்த வெளி டிஸ்கைச் செருகி விளையாட்டு ஃபோல்டரை நகலெடுத்தான். வாடை கூடிக்கொண்டே இருந்தது. மின்சாரம் போய் நான்கு நாள் கழித்துத் திறந்த குளிர்பெட்டியின் வாடை அது. சீக்கிரம் முடித்துவிட்டு ஓட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. நான்கே நிமிடத்தில் நகல் முடிந்துவிட்டது. டிஸ்க் புதுசு, வேகமாகத்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். இங்கே அறுநூற்றுப் பன்னிரண்டு, அங்கே அறுநூற்றுப் பன்னிரண்டு. எண்ணிக்கை சரி. அளவை அவன் பார்க்கவில்லை. சேவ் ஃபைலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டான். பிறகு பழையதையெல்லாம் அழித்துவிட்டுப் புது ஓஎஸ்ஸை ஏற்றத் தொடங்கினான்.

பத்து சதவீதம். பதினைந்து.

எங்கிருந்தோ ஓர் ஈ வந்து திரையில் உட்கார்ந்தது. சன்னல் மூடியிருந்தது, கதவு மூடியிருந்தது. இன்னொரு ஈ அவன் உதட்டில் உட்கார்ந்தது. துப்பினான். ஆப்பிளின் வெளுத்த இடம் பழுப்பாகியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது, குழிந்தது, ஓரத்தில் நீர் விட்டது.

"சன்னலைத் திறக்கலாமாம்மா?"

"வேணாம் தம்பி. பக்கத்து வீட்டுல கேப்பாங்க." அம்மா ஒரு துண்டால் மகனின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டின் நிறம் மாறியிருந்தது. "டாக்டருங்க எல்லாம் கைவிரிச்ச அன்னிக்குத்தான் இவன் அந்த மோடை எழுதினான். கேமுக்குள்ள இவனை மாதிரியே ஒரு ஆளு. அந்த ஆளு உடம்பு கெடக்கூடாது, சாவும் வரக்கூடாது. அவ்ளோதான். அது ஓடிட்டிருந்தா இவன் நல்லா இருக்கான். ரெண்டு வருஷமா நல்லாத்தான் இருக்கான்."

பைத்தியங்கள் என்று மூக்கன் நினைத்தான். கூடவே அந்த ஆப்பிளும் நினைவுக்கு வந்தது.

"நேத்து நின்னப்போ ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம்தான். அதுக்கே துடிச்சுட்டான்," என்றார் பெரியவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு வருஷமா வராம நின்ன கேடு எல்லாம் ஒரே நேரத்துல வந்து சேருது தம்பி. கொஞ்சம் வேகமாப் பண்ணுங்க."

நாற்பது சதவீதம். அறுபது.

இப்போது அது வாடையாக இல்லை. நாக்கில் படிந்தது. எச்சிலை விழுங்கினால் அதுவும் சேர்ந்து உள்ளே போனது. விழுங்காமல் இருந்தால் வாய் நிறைந்தது. சாக்கடையில் ஊறிய எலி, வெல்லப்பாகு, பழைய ரத்தம். தித்திப்புதான் தாங்க முடியவில்லை. சட்டையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டான். பின்னால் ஏதோ சொட்டியது. மெத்தையிலிருந்து தரைக்கு. சொட்டு. இடைவெளி. சொட்டு. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தான்.

"அண்ணா." அதே குரல்தான். தெளிவு மட்டும் போயிருந்தது. சேற்றில் கால் புதைந்து எழுவதுபோல் ஒவ்வொரு எழுத்தும் பிரிந்து வந்தது. "வந்துடுச்சாண்ணா?"

"இதோ. ஆயிடுச்சு."

நூறு. திரை வெளிச்சமானது. வெளி டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். நான்கு நிமிடம். விளையாட்டைத் திறந்து சேவ் ஃபைலைச் சொடுக்கினான்.

திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது. இந்தச் சேமிப்புக்குத் தேவையான 612 கோப்புகள் கிடைக்கவில்லை. அவை இல்லாமல் தொடரலாமா?

மூக்கன் டிஸ்கில் இருந்த மோடு ஃபோல்டரைத் திறந்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். மொத்த அளவு, ஒரு புகைப்படத்துக்குக்கூடக் காணாது. எல்லாம் வெறும் இணைப்புகள். அசல் கோப்புகளை வேறொரு ஃபோல்டரில் பத்திரமாக வைத்துவிட்டு, விளையாட்டுக்கு அவற்றைக் கைகாட்டும் பெயர்களை மட்டும் இங்கே போட்டு வைத்திருந்தான் மகன். மோடு சேர்க்கிற பலரும் செய்வதுதான். மூக்கனுக்கும் தெரிந்ததுதான். நாற்றத்துக்குப் பயந்து பார்க்காமல் விட்டுவிட்டான். அசலை அவனே அழித்தான். அதன் மேலேயே புதிதாக எழுதியும் விட்டான். எதைக் கொண்டும் இனி மீட்க முடியாது.

"என்ன போட்டிருக்கு?" பெரியவர் கண்ணாடியைத் தேடினார்.

மூக்கன் வாயைத் திறந்தான். ஈ நுழைந்தது.

அப்போது அவன் தோளுக்குப் பக்கத்தில் காற்று வெதுவெதுப்பானது. கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. மவுஸைப் பிடித்திருந்த அவன் கைமேல் படிந்தது. கனமாக. ஈரமாக. அவன் விரலை அழுத்தியது.

தொடர்க.

கை பின்வாங்கியது. ஆனால் தோல் வரவில்லை. மணிக்கட்டிலிருந்து நகம்வரை முழுசாக, நனைந்த கையுறைபோல, அவன் கைமேலேயே கிடந்தது.

திரையில் அந்த அறை வந்தது. கட்டில். போர்வை. பாதுகாக்க எதுவும் இல்லாத ஓர் ஆள்.

"எல்லாம்... வந்துடுச்சாண்ணா?"

கதவு பெரியவருக்குப் பின்னால் இருந்தது. மூக்கன் கதவைத்தான் பார்த்தான்.

"வந்துடுச்சு," என்றான்.

"அப்பாடா," என்றார் பெரியவர். தளர்ந்துபோய்க் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இனி சரியாயிடும் கண்ணு. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே நீ." மேசைமேல் இருந்த கிண்ணத்திலிருந்து கஞ்சியை அள்ளி, ஊதி, ஆற்றி, மகனின் வாயருகே கொண்டுபோனார். வாய் திறந்தது. கரண்டி உள்ளே போனது. வெளியே வந்தபோது கீழ்த்தாடையும் கூடவே வந்தது.

அம்மா அதைத் துண்டால் நன்றாகத் துடைத்து, இருந்த இடத்திலேயே பொருத்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.